சோடார் படம் வெறுமை, காற்றோ கொந்தளிக்கிறது: எதை நம்புவது?

#1 வளிமகள்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக எல்லை அடுக்கின் (தரையை ஒட்டிய காற்றடுக்கின்) கொந்தளிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். துறையில் ஒரு சோடார் இருக்கிறது. நேர் மேலே 2000 ஹெர்ட்ஸில் ஒரு குறுகிய ஒலித் துடிப்பை அனுப்பிவிட்டு, காற்றிலிருந்து திரும்பி வரும் எதிரொலியை அதே ஆன்டெனாவால் கேட்கும் வகை. பக்கத்தில் 10 மீட்டர் கம்பத்தில் ஒரு சோனிக் அனிமோமீட்டரும் (காற்றின் வேகத்தை மீயொலியால் அளக்கும் கருவி) ஓடுகிறது.

தெளிவான, காற்று அடங்கிய இரவுகளில் சோடார் படத்தில் 100 முதல் 150 மீட்டர் உயரத்தில் கரும்பட்டை ஒன்று அழகாக விழுகிறது (எதிரொலி வலுத்த இடம் படத்தில் கறுப்பாகும்). ஆனால் வானம் முழுக்க மேகம் மூடி, காற்று பலமாக அடித்த ஓர் இரவில் படம் ஏறக்குறைய வெறுமை. அதே இரவில் சோனிக் காட்டும் செங்குத்து வேகத்தின் ஏற்ற இறக்கம் மற்ற இரவுகளைவிடப் பல மடங்கு அதிகம். நான் பார்த்த அறிமுகக் குறிப்புகளில் எல்லாம் "எதிரொலியின் வலிமையே கொந்தளிப்பின் அளவு" என்கிற தொனிதான். அப்படியென்றால் அன்றைக்குப் படம் கறுத்துப் போயிருக்க வேண்டாமா? கருவியில் கோளாறா, இல்லை அந்த வாக்கியத்திலேயே கோளாறா?

#2 கருவிக்காரர்

முதலில் கருவியைச் சந்தேகப்படுவோம், அதுதான் மலிவான வேலை. பலத்த காற்றில் ஆன்டெனாவைச் சுற்றியுள்ள தடுப்பின் விளிம்பில் காற்று மோதி எழுப்பும் இரைச்சல், மேலிருந்து வரும் எதிரொலியை மூழ்கடித்துவிடும். தூறல் இருந்தால் இன்னும் மோசம். துளிகள் விழும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. எதிரொலியே வர முடியாத உயரத்துக்கான நேரத்தில் பதிவாகும் பின்னணி இரைச்சல் கோப்பில் இருக்கும். அதை மற்ற இரவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

#3 வளிமகள்

பார்த்தேன் சார். இரைச்சல் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் வழக்கமாக விழும் பட்டையை மறைக்கிற அளவுக்கு இல்லை. மழையும் இல்லை. இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: சுமார் 450 மீட்டரில் ஒரு மெல்லிய கோடு மட்டும் விட்டு விட்டுத் தெரிகிறது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

#4 அரைஅலைநீளம்

450 மீட்டரிலிருந்து எதிரொலி வருகிறது, 100 மீட்டரிலிருந்து வரவில்லை. கருவி நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கோளாறு அந்த வாக்கியத்தில்தான்.

நேர் மேலே அனுப்பி நேராகத் திரும்ப வாங்கும் சோடாருக்குக் காற்றின் வேகக் கொந்தளிப்பு கேட்பதே இல்லை. அதற்குக் கேட்பது வெப்பநிலையின் சின்னச் சின்னத் திட்டுகள் மட்டும். ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது: 0 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 331 மீட்டர், 20 டிகிரியில் 343. டிகிரிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர், அதாவது 0.17 சதவீதம். இது சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் ரேடியோ அலைக்கு அதே ஒரு டிகிரி மாற்றம் விலகல் எண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு மாற்றத்தைத்தான் தரும். ஒலிக்கு அது ஆயிரம் மடங்குக்கு மேல் அதிகம். சிதறும் ஆற்றல் இதன் வர்க்கமாகப் போவதால் பத்து லட்சம் மடங்கு. சாதாரண ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு தெளிந்த காற்றிலிருந்து எதிரொலி வாங்க முடிவது இதனால்தான்.

எல்லாத் திட்டும் எதிரொலி தராது. அலைநீளத்தில் பாதி அளவு இடைவெளியில் அமைந்த ஏற்ற இறக்கம் மட்டுமே திரும்பி வரும் அலைகளை ஒன்றோடொன்று கூட்டிக் கொடுக்கும். 2000 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 17 சென்டிமீட்டர், பாதி 8.5 சென்டிமீட்டர். ஆக உங்கள் சோடார் 8.5 சென்டிமீட்டர் அளவிலான வெப்பநிலைச் சிதைவுகளைத்தான் கேட்கிறது. அவை எவ்வளவு வலுவானவை என்பதைச் சொல்லும் எண் வெப்பநிலைக் கட்டமைப்பு மாறிலி, நாம் சிடி² என்று சொல்வது. வேகத்துக்கு அதே மாதிரி சிவி².

மேகம் மூடிய, காற்று பலமான இரவில் தரை அவ்வளவாகக் குளிராது. குளிர்ந்த கொஞ்சத்தையும் காற்று கலக்கி மேலும் கீழும் சமமாக்கிவிடும். மேலே போகப் போக 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் வெப்பநிலை குறையும் நடுநிலை அடுக்கு கிடைக்கும். இந்த அடுக்கில் ஒரு காற்றுப் பொட்டலத்தை எந்த உயரத்துக்குக் கொண்டுபோனாலும் அது அங்கே சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கும். எவ்வளவு கலக்கினாலும் திட்டு உண்டாகாது. கொந்தளிப்பு உண்டு, சிடி² இல்லை. 450 மீட்டரில் தெரிந்த கோடு, இந்தக் கலந்த அடுக்குக்கு மேலே இருக்கும் வெப்பமான மூடியின் அடிப்பகுதி. அங்கே இரண்டு வேறு வெப்பநிலைக் காற்று கலக்கிறது, அதனால் கேட்கிறது.

அமைதியான இரவு இதற்கு நேர் எதிர். தரைக்கு மேல் தலைகீழ் அடுக்கு: கீழே குளிர்ந்த காற்று, மேலே வெப்பமான காற்று. கொந்தளிப்பு பலவீனம்தான். ஆனால் வெப்பநிலைச் சரிவு அவ்வளவு செங்குத்தாக இருப்பதால், லேசாகக் கலங்கினாலும் பெரிய திட்டு விழும். உங்கள் கரும்பட்டை அதுதான். கறுப்பைக் கொந்தளிப்பு என்று படித்தால் இரண்டு இரவுகளையும் தலைகீழாகப் படித்துவிடுவீர்கள்.

#5 சந்தேகப்பிராணி

இதை நான் அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. காற்று ஒலியைச் சுமந்து செல்கிறது. காற்றின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் மாறினால் ஒலியின் பயண வேகம் ஏறக்குறைய 0.3 சதவீதம் மாறும். நீங்கள் சொன்ன ஒரு டிகிரியின் 0.17 சதவீதத்தைவிட அதிகம். வேகக் கொந்தளிப்பு ஒலியைச் சிதறடிக்காது என்பது எப்படிச் சரியாகும்?

#6 அரைஅலைநீளம்

சிதறடிக்கும். நேர் பின்னோக்கி மட்டும் சிதறடிக்காது. விசயம் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

கொந்தளிப்பைப் பல அளவுள்ள, பல திசையுள்ள அலை வடிவங்களின் கூட்டாகப் பிரித்துப் பாருங்கள். நேராகத் திரும்பி வரும் எதிரொலிக்குக் காரணமாகும் வடிவம், ஒலி போகும் திசையிலேயே, அதாவது செங்குத்தாக, ஏறி இறங்கும் வடிவம் மட்டும்தான். இந்தச் சின்ன அளவுகளில் காற்று அமுங்காத பாய்மம் போலவே நடந்துகொள்ளும். ஓரிடத்தில் வந்து குவியவோ விரியவோ முடியாது. அப்படியானால் செங்குத்தாக மாறிக்கொண்டே போகும் ஒரு வேக வடிவத்தில் வேகம் செங்குத்தாக இருக்க முடியாது, பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் ஓரடுக்கில் காற்று குவியும், அடுத்ததில் காலியாகும். பக்கவாட்டில் ஓடும் காற்று செங்குத்தாகப் போகும் ஒலியின் வேகத்தை மாற்றாது. ஆகவே பங்களிப்பு பூஜ்யம். "குறைவு" என்று சொல்லவில்லை, கோட்பாட்டின்படி துல்லியமான பூஜ்யம்.

சூத்திரமாகச் சொன்னால், சிதறல் கோணத்தின் பாதிக்குக் கொசைன் எடுத்து வர்க்கப்படுத்தி சிவி²-ஐப் பெருக்க வேண்டும். நேர் பின்னோக்கி என்றால் கோணம் 180 டிகிரி, அதில் பாதி 90, அதன் கொசைன் சுழி. மிஞ்சுவது சிடி² உறுப்பு மட்டும். பின்சிதறல் குறுக்குவெட்டு என்பது 0.0039 பெருக்கல், அலை எண்ணின் மூன்றாம் மூலம் பெருக்கல், சிடி² வகுத்தல் வெப்பநிலையின் வர்க்கம் (கெல்வினில்). சோடார் கையேடுகளின் முதுகெலும்பு இந்த ஒரே வரிதான்.

இன்னொரு வேடிக்கை: சரியாக 90 டிகிரியில் இரண்டுமே சுழி. அழுத்தம் சமமாக இருக்கும்போது வெப்பத் திட்டு என்பது அடர்த்தி குறைந்த ஒரு பொட்டலம்தான். ஒலி வந்து ஆட்டும்போது அது சுற்றுக் காற்றைவிட முன்னும் பின்னும் கொஞ்சம் அதிகமாக ஆடும். அந்த ஆட்டத் திசைக்குச் செங்குத்தாக ஒலி கிளம்பாது.

#7 சந்தேகப்பிராணி

குவியவும் முடியாது, விரியவும் முடியாது என்ற இடத்தில் விளங்கிவிட்டது. சூத்திரத்தை மட்டும் போட்டிருந்தால் நாளைக்கும் சண்டைக்கு வந்திருப்பேன்.

#8 பழம்பதிவு

சந்தடி சாக்கில் கொஞ்சம் வரலாறு. இது இல்லாமல் இந்தத் துறை எனக்கு ருசிக்காது.

1873-இல் இங்கிலாந்தின் தென்கரையில் டோவர் அருகே சவுத் போர்லேண்டில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் மூடுபனி எச்சரிக்கை ஊதல்களைச் சோதித்தார். மூடுபனி ஒலியை விழுங்கும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவர் கண்டது வேறு: கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நாட்களில் சில சமயம் ஒலி எட்டவே இல்லை, பனி மூடிய நாட்களில் நன்றாகக் கேட்டது. அதோடு, கப்பலோ பாறையோ இல்லாத வெறுங்கடலிலிருந்து எதிரொலி வந்தது. கண்ணுக்குத் தெரியாத 'ஒலி மேகங்கள்' காற்றில் மிதக்கின்றன என்று 1874-இல் எழுதினார்.

1946-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கில்மன், காக்ஸ்ஹெட், வில்லிஸ் மூவரும் மேல்நோக்கி ஒலித் துடிப்பு அனுப்பி எதிரொலி வாங்கினார்கள். அவர்களுடைய அக்கறை வானிலையில் இல்லை. நுண்ணலைத் தொலைத்தொடர்பு ஏன் மங்கி மங்கி வருகிறது என்பதுதான் கவலை. பிறகு சோவியத் நாட்டில் ஒபுகோவ், தத்தார்ஸ்கி, மோனின் ஆகியோர் சிதறல் கோட்பாட்டைக் கட்டினார்கள். கல்லிஸ்த்ரத்தோவா அதைத் திறந்தவெளியில் சோதித்துப் பார்த்தார். 1968-இல் ஆஸ்திரேலியாவில் மெக்அலிஸ்டர் எதிரொலியைத் தொலைநகல் பதிவுத்தாளில் கறுப்பு வெள்ளையாக வரைய வைத்தபோதுதான் இரவு அடுக்குகளும் பகல் வெப்பத் தூண்களும் முதன்முறையாகப் படமாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் போல்டரில் இருந்த கார்டன் லிட்டில், இந்த முறையால் எதையெல்லாம் அளக்கலாம் என்று ஒரு நீண்ட கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். மேலே அரைஅலைநீளம் சொன்ன 'பத்து லட்சம் மடங்கு' வாதம் அந்தக் காலத்துச் சரக்குதான்.

#9 கோபுரவாசி

டிண்டால் விசயத்தில் ஒரு திருத்தம் தேவை. எதிரொலி பற்றி அவர் சொன்னது காலத்துக்கு முந்தியது, சரி. ஆனால் தெளிவான நாட்களில் ஒலி எட்டாமல் போனதற்கு முழுக் காரணமும் ஒலி மேகங்கள் அல்ல. வெப்பநிலையும் காற்றும் உயரத்தோடு மாறுவதால் ஒலிக்கதிர் மேல்நோக்கி வளைந்து கேட்பவரின் தலைக்கு மேலே போய்விடும். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதே காலத்தில் இதைத்தான் வாதிட்டார். இந்தச் சண்டையில் நான் ரெனால்ட்ஸ் பக்கம்.

#10 கருவிக்காரர்

வளிமகள், இனி உங்கள் வேலைக்கு வருவோம். கொந்தளிப்பை அளக்க எதிரொலியின் வலிமையை விடுங்கள், அதன் டாப்ளரைப் பிடியுங்கள்.

வெப்பத் திட்டுகள் காற்றோடு சேர்ந்து நகர்கின்றன. அவை மேலே போனால் எதிரொலியின் அதிர்வெண் குறையும், கீழே வந்தால் கூடும். 2000 ஹெர்ட்ஸுக்கு, விநாடிக்கு 1 மீட்டர் செங்குத்து வேகம் ஏறக்குறைய 12 ஹெர்ட்ஸ் நகர்வைத் தரும். 100 மில்லிவிநாடித் துடிப்பு என்றால் ஸ்பெக்ட்ரத்தின் அகலமே 10 ஹெர்ட்ஸ். ஆகவே உச்சியைப் பார்த்து எண் எடுக்கக் கூடாது, மையத்தைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு உயரத்திலும் ஒரு செங்குத்து வேகம் கிடைக்கும். அரைமணி நேரத்துக்கு அவற்றின் திட்ட விலக்கம் எடுத்தால் அதுதான் சிக்மா-டபிள்யூ. கொந்தளிப்பு என்று கேட்டால் சோடார் நாணயமாகத் தரக்கூடிய பதில் இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

நேர் மேலேயும் சாய்வாகவும் மூன்று கற்றைகள் அனுப்பும் சோடார் என்றால், சாய்ந்த கற்றைகளிலிருந்து கிடைமட்டக் காற்றின் சராசரி நன்றாகவே வரும். ஆனால் கிடைமட்ட ஏற்ற இறக்கம் வேண்டும் என்று கிளம்பாதீர்கள். மூன்று கற்றைகளும் வெவ்வேறு திசையில் போய் வெவ்வேறு காற்றைப் பார்க்கின்றன, அதுவும் வெவ்வேறு நேரத்தில். 500 மீட்டர் போய் வரவே ஒலிக்கு 3 விநாடி ஆகும். மூன்றும் ஒரே சுழலைப் பார்த்தன என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

#11 கோபுரவாசி

சிக்மா-டபிள்யூவும் அவ்வளவு சாது அல்ல. கற்றையின் அகலம் 10 டிகிரி என்று கொள்ளுங்கள். 200 மீட்டர் உயரத்தில் அது 35 மீட்டர் அகலம். துடிப்பின் நீளத்தால் 17 மீட்டர் தடிமன். இந்தக் கொள்ளளவுக்குள் இருக்கும் சின்னச் சுழல்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துச் சராசரியாகிவிடும். பகலில் பரவாயில்லை, ஏனென்றால் ஆற்றலைச் சுமக்கும் சுழல்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் இருக்கும். அடங்கிய இரவில் சுழல்களே சில மீட்டர்தான். முழக்கோலால் கடுகை அளக்கிற கதை. சோடார் எண் குறைவாகவே வரும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக இழுக்கும் பிழையும் உண்டு. எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் எதிரொலி எவ்வளவு வலுவானது என்ற விகிதம்) குறைவாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பின் வேக மதிப்பீட்டிலும் தற்செயல் பிழை இருக்கும். அது விநாடிக்கு 0.2 மீட்டர் என்றால் மாறுபாட்டில் (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில்) 0.04 சேர்ந்துகொள்ளும். இரவில் உண்மையான சிக்மா-டபிள்யூவே 0.2 என்றால் மாறுபாடு இரட்டிப்பாகிவிடும். ஒரு பிழை குறைக்கும், மற்றொன்று கூட்டும். சில உயரங்களில் இரண்டும் கழிந்து சரியான எண் வந்து நிற்கும். கோபுரத்தில் மாட்டிய கருவியோடு ஒத்துப்போகிறது என்று கைதட்டும் ஒப்பீட்டுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும்.

தற்செயல் பிழையைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறது. அது ஒரு துடிப்பிலிருந்து அடுத்ததற்குத் தொடராது, காற்றின் அசைவு தொடரும். வேகத் தொடரைத் தன்னோடு தானே ஒன்று, இரண்டு, மூன்று துடிப்பு தள்ளிப் பெருக்கிச் சராசரி எடுத்து, அந்தக் கோட்டைச் சுழித் தள்ளலுக்கு நீட்டினால் இரைச்சல் இல்லாத மாறுபாடு கிடைக்கும். தள்ளாமல் எடுத்த எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் இரைச்சல்.

#12 வளிமகள்

எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் ஒன்று நெருடுகிறது. டாப்ளர் எடுக்கவும் எதிரொலி வேண்டுமே! மேகம் மூடிய அந்த இரவில் எதிரொலியே இல்லையென்றால், கொந்தளிப்பு மிக அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் சோடார் ஊமையாகிறது என்றல்லவா ஆகிறது?

#13 அரைஅலைநீளம்

ஆமாம். சந்தேகமே வேண்டாம், நேர்மேல் சோடாரின் பெரிய ஓட்டை இதுதான். விற்பனைக் கையேடுகளில் இந்த வரி இருக்காது.

தப்பிக்க ஒரு வழி, அனுப்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் பிரிப்பது. ஒலியை இங்கிருந்து அனுப்பி, சில நூறு மீட்டர் தள்ளி வைத்த இன்னோர் ஆன்டெனாவால் கேட்டால் சிதறல் கோணம் 180-ஐ விட்டு விலகும், சிவி² உறுப்பு உயிர்பெறும். உங்கள் இரவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொந்தளிப்பு ஆற்றல் சிதையும் வீதம் கிலோவுக்கு 0.004 வாட் என்று கொண்டால், அதன் மூன்றில் இரண்டு அடுக்கை இரட்டித்து சிவி² ஏறக்குறைய 0.05. சிடி²-ஐ 0.0001 என்று வைப்போம். 140 டிகிரியில் கிடைக்கும் சிதறல் நேர் பின்சிதறலைவிட 200 மடங்குக்கு மேல் வருகிறது. அதாவது 20 டெசிபெலுக்கும் மேல். ஊமைப் படம் பேச ஆரம்பித்துவிடும்.

ஆனால் இது ஏன் எல்லா இடத்திலும் இல்லை என்றால், தொல்லை அதிகம். இரண்டு கற்றையும் காற்றில் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். உயரம் மாறினால் கோணமும் மாறும். தரையோடு நேராகப் பாய்ந்து வரும் ஒலி, பலவீனமான சிதறலை அமுக்கும். இடமும் நிறைய வேண்டும். அதனால் பெரும்பாலானோர் நேர்மேல் சோடாரோடு நிறுத்திக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் இப்போது நடுநிலை அடுக்குக்கு டாப்ளர் லிடார்தான் (ஒலிக்குப் பதில் லேசர் ஒளியை அனுப்பும் கருவி) சரி. அது தூசியைப் பார்க்கிறது, வெப்பநிலையைக் கண்டுகொள்வதில்லை. தூசி இல்லாத தூய காற்றில் அது திணறும் என்பது வேறு கதை.

#14 மின்தடை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீட்டில் ஒரு ஹார்ன் ஒலிபெருக்கியும் நல்ல மைக்கும் இருக்கின்றன. இதை நாமே செய்து பார்க்க முடியாதா?

#15 கருவிக்காரர்

செய்யலாம் தம்பி, ஆனால் எதை எதிர்த்து நிற்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். 10 வாட் ஒலியாற்றல், ஒரு சதுர மீட்டர் ஆன்டெனா, 17 மீட்டர் தடிமன், சிடி² 0.001, உயரம் 300 மீட்டர் என்று மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால், திரும்பி வருவது ஏறக்குறைய 3 பெருக்கல் பத்தின் மைனஸ் 13 அடுக்கு வாட். வழியில் காற்று உறிஞ்சுவதைக் கழித்தால் அதிலும் கால் பங்குதான் மிஞ்சும். தெருவில் நாய் குரைத்தால் போச்சு.

மின்சுற்று பெரிய சிக்கல் இல்லை. தடுப்புத்தான் உயிர்நாடி. ஆன்டெனாவைச் சுற்றி உயரமான சுவர், உள்ளே தடிமனான ஒலியுறிஞ்சும் நுரை. இது இல்லாவிட்டால் பக்கக் கற்றைகள் மரத்திலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பி வரும். அவை நகராதவை, டாப்ளர் சுழி. காற்றின் எதிரொலியோடு கலந்தால் வேகத்தைச் சுழியை நோக்கி இழுக்கும், சிக்மா-டபிள்யூவும் சேர்ந்து விழும். ஒலிபெருக்கியையே மைக்காகவும் பயன்படுத்தினால் அது அதிர்ந்து அடங்கும்வரை எதுவும் கேட்காது. கீழ் 20, 30 மீட்டர் குருட்டுப் பகுதி. அப்புறம் அக்கம்பக்கம். சில விநாடிக்கு ஒரு தரம் 'பீப்', இரவு முழுக்க. அறிவியல் ஆர்வம் உள்ள அண்டை வீட்டாருக்குக்கூட அதிகபட்சம் இரண்டு இரவுதான் பொறுமை.

#16 சந்தேகப்பிராணி

காற்று உறிஞ்சுவது எவ்வளவு? அது நாளுக்கு நாள் மாறுமா?

#17 அரைஅலைநீளம்

மாறும், நினைப்பதைவிட அதிகமாக. ஈரக்காற்றுதான் ஒலியை அதிகம் விழுங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அதிர்வெண்களில் நேர் எதிர். 15 டிகிரியில் 2000 ஹெர்ட்ஸுக்கு, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் கிலோமீட்டருக்கு 8 டெசிபெல் அளவில் போகும். 20 சதவீதம் என்றால் 28. அதே வறண்ட காற்றில் 4000 ஹெர்ட்ஸ் அனுப்பினால் கிட்டத்தட்ட 89. 4000-க்கு மேல் பேசும் குட்டிச் சோடார்கள் 200 மீட்டர் அளவோடு நின்றுவிடுவதற்கு இது முக்கியக் காரணம்.

எதிரொலியிலிருந்து சிடி²-ஐ எண்ணாக எடுக்க நினைப்பவர்கள் ஒவ்வொரு உயரத்துக்கும் ஈரப்பதம் தெரிந்து இதைத் திருத்த வேண்டும். ஆன்டெனாவின் திறனும் தெரிய வேண்டும். கற்றை வழியிலேயே கொந்தளிப்பால் விரிந்து கொஞ்சம் இழக்கும், அதையும் கூட்ட வேண்டும். பெரும்பாலான படங்களில் இதெல்லாம் செய்யப்படுவதில்லை. அவற்றில் உள்ள கறுப்பு வெறும் கறுப்பு, சிடி² அல்ல.

#18 கோபுரவாசி

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், எதிரொலி வலிமையை ஒரேயடியாகக் குப்பையில் போட வேண்டாம். வெயில் சுட்டெரிக்கும் பகலில் கொந்தளிப்பையும் வெப்பத் திட்டையும் பெற்றெடுப்பது ஒரே தாய்: தரையிலிருந்து எழும் வெப்பம். அப்போது சிடி² உயரத்தின் மைனஸ் மூன்றில் நான்கு அடுக்காகக் குறையும். உயரம் இரட்டித்தால் 2.5 மடங்கு சரிவு. இந்தச் சரிவைப் பொருத்திப் பார்த்துத் தரையின் வெப்பப் பாய்வையே எடுக்கலாம். உங்கள் அறிமுகக் குறிப்பின் வாக்கியம் பகலுக்கு மட்டும் பாதி உண்மை.

காலையில் சூரியன் ஏறியதும் இரவுப் பட்டை தரையிலிருந்து கிளம்பி மெல்ல மேலே போவதையும், அடியிலிருந்து வெப்பத் தூண்கள் அதைக் குடைவதையும் சோடார் படம்போல் வேறெதுவும் காட்டாது. கலவை உயரம் (தரைக்காற்று எந்த உயரம்வரை கலக்கிறது என்பது) வேண்டுமென்றால் அந்த நேரத்தில் கறுப்பை நம்பலாம். பட்டையில் அலைகள் சுருண்டு உடைவதும் தெரியும்.

ஆனால் இரவில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. வெப்பத் திட்டுகள் அழியும் வீதம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், சிடி² கொந்தளிப்புச் சிதைவு வீதத்தின் மைனஸ் மூன்றில் ஓர் அடுக்காகப் போகும். கொந்தளிப்பு கூடினால் எதிரொலி குறையும்! அதே திட்டுகளை அது வேகமாக நசுக்கித் தீர்த்துவிடுகிறது.

#19 சந்தேகப்பிராணி

அப்படியானால் சோனிக் மட்டும் போதுமே? அதுவும் ஒலிதானே?

#20 கோபுரவாசி

ஒலிதான், வேலை வேறு. 10, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் மீயொலியை எதிரெதிர்த் திசையில் அனுப்பிப் போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் அளக்கிறது. நேரங்களின் தலைகீழ் எண்களைக் கழித்தால் காற்று, கூட்டினால் ஒலியின் வேகம், அதிலிருந்து வெப்பநிலை. விநாடிக்கு 10, 20 முறை. 1968-இல் கான்சாஸ் சமவெளியில் நடந்த புகழ்பெற்ற சோதனையில் தரையோரக் கொந்தளிப்பின் விதிகளை எண்ணாக்கியதில் சோனிக்குக்குப் பெரிய பங்கு உண்டு. கொந்தளிப்புக்கு அதைவிட நம்பகமானதை நான் பார்த்ததில்லை. குறை ஒன்றுதான்: கம்பம் எட்டும் உயரம்வரைதான். 300 மீட்டரில் சோனிக் மாட்ட 300 மீட்டர் கோபுரம் வேண்டும். கொலராடோவில் அப்படி ஒன்று 1977 முதல் நின்றது, 2016-இல் அதையும் இறக்கிவிட்டார்கள்.

#21 வளிமகள்

அந்த இரவின் கோப்பை எஸ்என்ஆர் வடிகட்டி போட்டுத் திரும்ப ஓட்டினேன். 40, 60, 80 மீட்டரில் மட்டும் பாதிக்கு மேற்பட்ட துடிப்புகள் தேறுகின்றன. அங்கே சிக்மா-டபிள்யூ சோனிக் எண்ணுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேலே 450 மீட்டர் கோடுவரை ஒன்றுமில்லை. அந்த மூன்று உயரங்களையும் ஆய்வேட்டில் போடலாமா? தேறிய துடிப்புகள் மட்டும் ஒருபக்கச் சாய்வாக இருக்குமோ என்று பயம்.

#22 கருவிக்காரர்

பயம் சரியானது. தேறிய துடிப்புகள் என்றால் வெப்பத் திட்டு கடந்துபோன கணங்கள். அவை எல்லாக் கணங்களுக்கும் பிரதிநிதியா என்று கேட்க வேண்டும். 10 மீட்டர் சோனிக் தொடரை எடுத்து, சோடாரின் 40 மீட்டர் எதிரொலி தேறிய நேரங்களை மட்டும் வைத்து ஒரு சிக்மா-டபிள்யூ, முழுதுக்கும் ஒரு சிக்மா-டபிள்யூ கணக்கிடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் தைரியமாகப் போடுங்கள். 40 மீட்டரில் ஸ்பெக்ட்ரத்தின் நடுவே, சுழி டாப்ளரில், நகராத ஒரு ஊசி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த உயரத்தை விட்டுவிடுங்கள், அது ஏதோ மரமோ சுவரோ.

#23 கோபுரவாசி

தள்ளிப் பெருக்கும் முறையையும் அந்த மூன்று உயரத்துக்கும் போடுங்கள். ஆனால் இடையிடையே துடிப்புகள் விழுந்துபோயிருப்பதால், அடுத்தடுத்துத் தேறிய ஜோடிகளை மட்டும் எடுக்க வேண்டும். இடைவெளியை நிரப்பிவிட்டுக் கணக்கிட்டால் இரைச்சல் மறைந்ததுபோல் பாசாங்கு காட்டும். துடிப்புவாரியான ஸ்பெக்ட்ரம் சேமிப்பில் இருக்கிறதா, இல்லை அரைமணிச் சராசரி மட்டுமா?

#24 வளிமகள்

துடிப்புவாரியாகவே இருக்கிறது. 40 மீட்டரில் ஊசி தெரிகிறது சார், நீக்கிவிட்டேன். 60, 80 இரண்டுக்கும் ஜோடிக் கணக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தின் அச்சில் 'கொந்தளிப்பு' என்று இருந்ததை 'எதிரொலி வலிமை, திருத்தப்படாதது' என்று மாற்றியாயிற்று.